இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு கதை

கிறிஸ்துமஸ் விடுமுறை என்றால் எல்லாருக்கும் விடுமுறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? லிஃப்டுகளுக்குக் கிடையாது. பாதி மெக்கானிக்குகள் மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கிளம்பிய பிறகுதான், அதுவரை ஒழுங்காக ஏறி இறங்கிய லிஃப்டுகூட, 'இனி என்னால் ஆகாது' என்று நடுவழியில் நின்றுவிடும்.

நின்றால் என்ன ஆகும்? உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். உடனே ஊரின் வேறொரு மூலையில், எலியின் அம்மா வேலை செய்கிற அறையில் மணி அடிக்கும்.

எலி என்றால் நிஜ எலி இல்லை, பத்து வயதுப் பெண். அச்சடித்த காகிதத்தைக் கண்டால் விடமாட்டாள் என்பதால் அம்மா வைத்த பெயர் அது. கடையில் சாமான் மடித்துக் கொடுத்த தாளைக்கூட நீவி விரித்து, இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவாள்.

அம்மாவுக்கு லிஃப்ட் கம்பெனியில் தொலைபேசி வேலை. மாட்டிக்கொண்டவர்களோடு பேச வேண்டும், அவ்வளவுதான். "பயப்படாதீங்க. நான் லைன்லதான் இருக்கேன். மெக்கானிக் கிளம்பிட்டார்." மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கும் வரைக்கும் பேச்சு அறுந்துபோகக் கூடாது. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். காலையிலிருந்து இருட்டும்வரை பேசிப் பார்த்தால் தெரியும்.

இந்த விடுமுறையில் அம்மாவுக்கு இரட்டை ஷிஃப்ட். வீட்டுக்கு வந்தால் அடித்துப் போட்டாற்போல் தூக்கம். ஒரு நாள் காலையில் எலி குளித்துவிட்டு வெளியே வரப் பார்த்தாள். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. "அம்மா, கதவு திறக்க மாட்டேங்குது" என்று உள்ளேயிருந்து தட்டினாள்.

படுக்கையிலிருந்து அம்மாவின் குரல் மிக மரியாதையாக வந்தது. "பயப்படாதீங்க மேடம். கதவைத் தொடாதீங்க. எந்த மாடியில இருக்கீங்க?"

எலி தானே தாழ்ப்பாளை ஆட்டி அசைத்துத் திறந்துகொண்டு வந்தாள். அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. அன்றைக்கு எலிக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அழுகையும் வந்தது.

அந்த விடுமுறையில் எலிக்கு இருந்த ஒரே துணை, பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு தடிப் புத்தகம். அறிவியல் புனைகதைகள். எல்லாமே சின்னச் சின்னக் கதைகள். தும்மக் கற்றுக்கொண்ட ஒரு ரோபோ. நேற்றைக்குப் போய் வீட்டுப்பாடம் எழுதிவிட்டுத் திரும்பி வந்த ஒரு பையன். அவன் திரும்பி வந்து பார்த்தால், ஆசிரியை அந்தப் பாடத்தையே ரத்து செய்திருப்பார். எலி அந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள்.

"ஒரு நாளைக்கு ஒரு கதை. நீ படி, நான் கேக்கறேன்" என்று விடுமுறை தொடங்கும்போதே அம்மா சொல்லியிருந்தாள். சொன்னது என்னவோ உண்மைதான். ஆனால் எந்தக் கதையிலும் இரண்டாவது பத்தியைத் தாண்டி அம்மா விழித்திருந்ததில்லை. எலி குறை சொல்லவில்லை. தனியாகவே படித்தாள், தனியாகவே சிரித்தாள். தனியாகச் சிரிப்பது ஒரு அளவுக்கு மேல் அலுத்துப்போகும். பக்கத்தில் ஒருவர் "அப்புறம்?" என்று கேட்டால்தான் கதை ருசிக்கும்.

எலியை வழக்கமாகப் பார்த்துக்கொள்கிற எதிர்வீட்டு அத்தையும் ஊருக்குப் போய்விட்டாள். அதனால் எலியும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் வேலைக்கே வந்துவிட்டாள்.

ஜன்னல் இல்லாத அறை அது. இரண்டு மேசை, இரண்டு திரை, இரண்டு மைக். மேசையில் ஆறிப்போய் ஆடை படிந்த தேநீர். அடுத்த மேசையில் உட்காரும் அக்கா, காய்ச்சல் என்று மதியமே கிளம்பிவிட்டாள். மாற்று ஆள் கேட்டதற்கு, "இன்னைக்கு யாரும் இல்லம்மா, எப்படியாவது சமாளிங்க" என்றது மேலிடம்.

சமாளிப்பதற்கு அம்மாவிடம் குரல்தான் மிச்சம். அதுவும் கட்டிப்போயிருந்தது.

அப்போது மணி அடித்தது.

"வணக்கம், நான் லைன்ல இருக்கேன். சொல்லுங்க" என்றாள் அம்மா.

"என்னத்தைச் சொல்றது?" ஒலிபெருக்கியில் ஓர் ஆணின் குரல் மூச்சு வாங்கியது. "ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. கதவு இடுக்குல பாதி சுவர், பாதி வெளிச்சம். நான் கூரியர்காரன். என்கூட ஒரு தள்ளுவண்டி பார்சல் இருக்கு, வேற யாரும் இல்ல. கட்டடமே பூட்டிக் கிடக்கு. மேல ஒரே ஒரு ஆபீஸ்தான் திறந்திருக்கு."

"பயப்படாதீங்க சார். மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு."

"பயமா? எனக்கா? வேலை கெடுதேன்னுதான் பார்க்கறேன்" என்றார் அவர். ஆனால் அவர் மூச்சு விடுகிற சத்தம் வேறு மாதிரி சொன்னது. "மேடம், இந்தக் கதவை ரெண்டு கையாலயும் இழுத்தா விலகுது. கொஞ்சம் விலக்கிட்டு, இடுக்கு வழியாக் கீழ் மாடிக்குக் குதிச்சிடறேன்."

நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மா விறைத்து நிமிர்ந்தாள். "வேண்டாம் சார். லிஃப்ட் எந்த நேரமும் நகரலாம். நீங்க பாதி உள்ள, பாதி வெளிய இருக்கும்போது நகர்ந்துட்டா என்ன ஆகும்? கதவைத் தொடவே தொடாதீங்க."

எலி புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். போன வருடம் ஒருவர் இப்படித்தான் குதிக்கப் பார்த்து இரண்டு காலையும் முறித்துக்கொண்டார். அன்று அம்மா வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தொடவே இல்லை.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இன்னைக்கு ஆள் கம்மி சார். மெக்கானிக் வேற இடத்துல இருக்கார். நேரம் ஆகும். நான் பேசிட்டே இருக்கேன்."

பேசிட்டே இருக்கேன் என்று சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த மேசையில் மணி அடித்தது. வேறொரு கட்டடம், வேறொரு லிஃப்ட். பொத்தானை அழுத்தியது ஒரு பெண். அவள் கையில் குழந்தை. குழந்தை வீரிட்டு அழுதது அறை முழுக்கக் கேட்டது.

அம்மா இந்த மேசையையும் பார்த்தாள், அந்த மேசையையும் பார்த்தாள். அவள் முகம் அழுவதற்கு முந்தின முகமாக இருந்தது.

"நான் அவர்கிட்ட பேசட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள் எலி.

"வெளி ஆள் மைக்கைத் தொடக் கூடாதுடி."

"நீ இங்கதானே இருக்கே. கேட்டுக்கிட்டே இரு."

குழந்தை இன்னும் உரக்க அழுதது. அம்மா கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தாள். "சரி. பேச்சு நிக்கக் கூடாது. அவர் கதவைத் தொடக் கூடாது. ஆனா ஒண்ணு, 'இதோ வந்துட்டாங்க, இதோ வந்துட்டாங்க'ன்னு பொய் மட்டும் சொல்லாத. ஒரு தடவை பொய்னு தெரிஞ்சா அப்புறம் நம்ம பேச்சையே கேக்க மாட்டாங்க."

அம்மா அடுத்த மேசைக்கு ஓடினாள். எலி மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"சார், நான் எலி பேசறேன்."

"என்னது? இங்க எலி வேறயா?" அவர் காலைத் தூக்கிவிட்டார் போலும், தடால் என்று ஏதோ சத்தம் கேட்டது.

"இல்ல சார், என் பேர் எலி. பேர்னா செல்லப் பேர். பேசிட்டிருந்தாங்களே, அவங்க பொண்ணு. அம்மா இன்னொரு லிஃப்ட்ல ஒரு குழந்தைகிட்ட பேசறாங்க."

"ஓ" என்றார் அவர். "மெக்கானிக் வந்தாச்சா பாப்பா?"

"வரல."

"கிட்ட வந்துட்டாரா?"

"தெரியல சார்."

"நல்லா தைரியம் சொல்றே போ."

"உள்ள காத்து வரும் சார். லிஃப்ட்ல அதுக்குன்னு வழி வச்சிருக்காங்க. அது நிஜம்."

கிர்ர்ர் என்று இரும்பு தேய்கிற சத்தம் கேட்டது. கதவை இழுக்கிறார்.

இப்போது என்ன பேசுவது? பயப்படாதீர்கள் என்று சொன்னால் யாராவது பயப்படாமல் இருந்திருக்கிறார்களா? எலி இந்த அறையில் உட்கார்ந்து எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறாள். ஒருவருக்கும் அது பலித்ததில்லை. மடியில் புத்தகம் இருந்தது.

"சார், கதை படிக்கட்டுமா?"

"கதையா? என்ன கதை?"

"அறிவியல் கதை."

"பொய்க் கதை. பறக்கிற தட்டு, மூணு கண்ணு மனுஷன்." ஆனாலும் கிர்ர்ர் சத்தம் நின்றிருந்தது. "சரி, படி. சும்மா நிக்கறதுக்கு ஏதோ ஒண்ணு."

எலி அடையாளம் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தாள். அன்றைக்குப் படிக்க வேண்டிய கதை. "மூன்று பேர் மட்டுமே நிற்கக்கூடிய அந்த இரும்புப் பெட்டியில் காற்று குறைந்துகொண்டே வந்தது. கதவு திறக்கவில்லை. உதவிக்கு யாரும்..."

எலி நிறுத்திவிட்டாள். காது சூடாகிவிட்டது.

"பாப்பா" என்றார் கூரியர்காரர் பலவீனமாக. "வேற ஏதாவது இருக்கா?"

"இருக்கு சார், இருக்கு. நிறைய இருக்கு." எலி பக்கங்களைத் தள்ளினாள். விண்கலம், வேண்டாம். கடலுக்கு அடியில் நகரம், ஐயோ வேண்டவே வேண்டாம். சுரங்கம், சொல்லவே வேண்டாம். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கதையில், பரந்து விரிந்த ஒரு சமவெளியின் படம் இருந்தது. நடுவில் ஒரு ரோபோ, கையில் ஒரு பெட்டி. அவள் இன்னும் படிக்காத கதை.

"அந்தக் கிரகத்தில் சுவர்களே கிடையாது" என்று தொடங்கினாள் எலி. "வானம் ஒரு பக்கம் தொடங்கி மறு பக்கம் இறங்கும்வரை வெறும் புல்வெளி. காற்று எங்கே வேண்டுமானாலும் போகும். அங்கே வீடுகளுக்குக் கால்கள் உண்டு. வெயில் போகிற திசையில் வீடுகளும் நடந்து போய்விடும். அந்தக் கிரகத்துக்கு ஒரே ஒரு தபால் ரோபோ. அதன் கையில் ஒரே ஒரு பெட்டி."

"நில்லு" என்றார் அவர். "வீடு நடந்து போயிட்டா அட்ரஸ் எப்படி?"

"அதான் சார் கஷ்டம். அது ஒவ்வொரு நாளும் போய்ச் சேரும்போது வீடு அங்க இருக்காது."

"அப்போ பார்சலைத் திருப்பி அனுப்பிடணும். அதான் விதி."

எலி வேகமாகக் கண்ணை ஓட்டினாள். "அனுப்பினவர் அட்ரஸ் எழுதலையாம் சார்."

"அதை எப்படி வாங்கினாங்க? எங்க ஆபீஸ்ல நடக்காது. வாங்கினவனை முதல்ல வேலையை விட்டுத் தூக்கணும்." அவர் குரல் சூடாகியிருந்தது. மூச்சு வாங்குவது குறைந்திருந்தது. "மேல படி."

எலி படித்தாள். ரோபோ நடந்தது. புல் காய்ந்தது, மறுபடி முளைத்தது. ரோபோவின் இடது முட்டியில் துரு ஏறியது. "பார், உனக்கு எண்ணெய் விட ஆள் இல்லை" என்று பறவைகள் கேலி செய்தன. ரோபோ பதில் சொல்லாமல் நடந்தது. ஒரு வீட்டைக் கண்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டியது. அது வேறு வீடு. "பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"அப்படியேதான்" என்றார் கூரியர்காரர். "வெயில்ல நாலு மாடி ஏறிப் போவேன். முகத்தைக்கூடப் பார்க்காம, பக்கத்துல விசாரிங்கன்னு சாத்திடுவாங்க. இன்னைக்குக் காலையிலேர்ந்து ஒரு இடத்துல உட்காரல பாப்பா. விடுமுறைன்னா எல்லாருக்கும் ஏதாவது வந்துட்டே இருக்கு. கொண்டு போறவனுக்குக் கால்னு ஒண்ணு இருக்குன்னு..."

டப் என்று ஒரு சத்தம் கேட்டது. பேச்சு நின்றது.

"உள்ளயும் வெளியயும் லைட் போயிடுச்சு" என்றார் அவர். குரல் சின்னதாகிவிட்டது. "இருட்டா இருக்கு. ஒண்ணுமே தெரியல. பாப்பா, நான் குதிச்சிடறேன்."

கிர்ர்ர்ர். இந்த முறை விடாமல் கேட்டது. கதவு விலகுகிறது. அடுத்த மேசையில் அம்மா மைக்கை விட்டு எழுந்தேவிட்டாள்.

எலி புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். அந்தச் சத்தம் மைக்கில் அவருக்கும் கேட்டிருக்கும்.

"நீங்க கதவைத் தொட்டா நான் கதையை நிறுத்திடுவேன்."

கிர்ர்ர் நின்றது.

"என்ன பாப்பா, இந்த நேரத்துல..."

"நிஜமாத்தான் சொல்றேன். பெட்டியில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாமப் போயிடும். கையை எடுங்க. எடுத்துட்டு உட்காருங்க. உட்கார்ந்தா படிப்பேன்."

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, ஒலிபெருக்கியில் தள்ளுவண்டியை ஓரமாகத் தள்ளுகிற சத்தமும், ஒரு பெரிய மனிதர் தரையில் பொத்தென்று உட்காருகிற சத்தமும் வந்தன.

"எடுத்துட்டேன்" என்றார் அவர். "உட்கார்ந்துட்டேன். படி."

அம்மாவும் உட்கார்ந்து, குழந்தை வைத்திருந்த பெண்ணிடம் பேச்சைத் தொடர்ந்தாள்.

எலி படித்தாள். இருட்டில் இருப்பவருக்குப் புல்வெளி தெரிய வேண்டும் என்று நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். அவர் நடுநடுவே கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார்.

"அந்தப் பெட்டி கனமா?"

"ரொம்பக் கனம் இல்லையாம்."

"குலுக்கினா என்ன சத்தம் வருது? போட்டிருக்கா பாரு."

எலி தேடினாள். "டக் என்று ஒரே ஒரு சத்தம்."

"ஒரே ஒரு டக்னா மடக்கற சாமான்" என்றார் அவர் தீர்மானமாக. "கண்ணாடின்னா கலகலன்னு இருக்கும். துணின்னா சத்தமே வராது. நான் தூக்காத பெட்டியா? குடையா இருக்கும்."

"எனக்கும் தெரியாது சார். நானும் இப்பதான் படிக்கறேன்."

எலிக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு பயத்திலும் சந்தோஷமாக இருந்தது. விடுமுறை தொடங்கி முதல் முறையாக ஒருவர் அவளிடம் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம், எத்தனையோ நாட்களுக்குப் பிறகு, ரோபோ ஒரு சின்ன வீட்டைக் கண்டது. அந்த வீடும் வயதாகி, நடக்க முடியாமல் ஒரு காலை நீட்டிப் படுத்திருந்தது. வீட்டுக் கதவில், பெட்டியின் மேலிருந்த அதே எண். ரோபோ கதவைத் தட்டியது. வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். பெட்டியை வாங்கினார். அதன் கயிற்றை...

லிஃப்டுக்குள் டங்கென்று ஏதோ ஓசை. கட்டையான ஒரு குரல். "அண்ணே, கையைக் கொடுங்க. லிஃப்டை மாடிக்கு நேரா இறக்கியாச்சு. வெளிய வாங்க."

மெக்கானிக் வந்துவிட்டார்.

"இருப்பா" என்றார் கூரியர்காரர். "ஒரு நிமிஷம்."

"என்னது?"

"பெட்டியைப் பிரிக்கப் போறாங்க."

"எந்தப் பெட்டியை? அண்ணே, காலையிலேர்ந்து எத்தனை லிஃப்ட் திறந்தேன்னு எண்ணறதையே விட்டுட்டேன். எல்லாரும் முதல்ல வெளிய ஓடி வருவாங்க. நீங்க என்ன, உட்கார்ந்திருக்கீங்க?"

"சார், முதல்ல வெளிய வாங்க" என்றாள் எலி. "வந்து, கதவுக்கு வெளியே நின்னு கேளுங்க. நான் படிக்கறேன்."

தள்ளுவண்டி உருண்டது. காலடிச் சத்தம் கேட்டது. "வந்துட்டேன் பாப்பா" என்ற குரல் சற்றுத் தள்ளியிருந்து வந்தது. "தம்பி, கதவு மூடாமப் பிடிச்சுக்கோ. பாப்பா, கொஞ்சம் சத்தமாப் படி."

அடுத்த மேசையில் குழந்தையின் அழுகை எப்போதோ நின்றிருந்தது. அங்கேயும் கதவு திறந்தாகிவிட்டது. அம்மா அந்த மைக்கை அணைத்துவிட்டு, நாற்காலியோடு எலியின் பக்கம் நகர்ந்து வந்தாள்.

எலி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

"வீட்டுக்காரர் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. அவர் அதை விரித்து, வாசலில் புல்லின் மேல் போட்டார். 'எனக்கு நாற்காலி இருக்கிறது' என்றார். 'இது உனக்கு. இவ்வளவு தூரம் கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும் நின்று நின்று களைத்திருப்பார் என்று தெரியும். அதனால்தான் இதை அனுப்பச் சொன்னேன். உட்கார்.' ரோபோவுக்கு உட்காரத் தெரியாது. யாரும் அதை உட்காரச் சொன்னதில்லை. துருப்பிடித்த முட்டியை மெல்ல மடக்கி, அது உட்கார்ந்தது. வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் நகர்ந்து போனது. அவர்கள் போகவில்லை."

கதை அவ்வளவுதான். எலி புத்தகத்தை மூடினாள்.



"குடைன்னு சொன்னேன்" என்றார் கூரியர்காரர். "மடக்கற சாமான்தான். ஆனா நாற்காலின்னு தோணவே இல்ல பாத்தியா." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "மேல ஆபீஸ்ல காத்துட்டிருப்பாங்க. காத்திருக்கட்டும். தம்பி, இந்தப் படிக்கட்டுல ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போலாமா?"

"எனக்கு அடுத்த லிஃப்ட் இருக்குண்ணே" என்றார் மெக்கானிக். பிறகு அவரும் பெருமூச்சு விட்டார். கருவிப் பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "தள்ளி உட்காருங்க."

இரண்டு பேர் படிக்கட்டில் உட்காருவதும், யாரோ காலை நீட்டி "அப்பாடா" என்பதும் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது.

அம்மா எலியின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். திரையில் அழைப்பு விளக்கு ஒன்றும் எரியவில்லை.

"நானும் கொஞ்சம் உட்காரறேன்" என்றாள் அம்மா.

"நீ காலையிலேர்ந்து உட்கார்ந்துதானேம்மா இருக்கே?"

"இல்லடி எலி" என்றாள் அம்மா. "இப்பதான் உட்கார்றேன்."